காற்றுக்கு வழிவிடும் பை

புல் வெட்டும் பொறியின் பின்னால் தொங்கும் ஒரு பையைப் பற்றிக் கட்டுரையா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைப்பதில் நியாயமும் உண்டு. நம் ஊரில் வெட்டிய புல்லைப் பிடிக்கப் பையும் பெட்டியும் தேடவேண்டியதில்லை. வரப்பில் அறுத்தாலும் சரி, கல்லூரித் திடலில் அறுத்தாலும் சரி, அது கட்டாகி, யாரோ ஒருவர் தலைச்சுமையாய்ப் போய் மாட்டின் முன் விழுந்துவிடுகிறது. இங்கே புல்லுக்காக அறுக்கிறோம். அமெரிக்காவிலோ தரைக்காக அறுக்கிறார்கள். தரை பச்சைக் கம்பளமாக இருக்கவேண்டும்; அதிலிருந்து வெட்டுண்ட புல் வெறும் கழிவு. அந்தக் கழிவை என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே புல் பிடிக்கும் பை.

ஓஹையோ மாநிலத்தில் குடியிருக்கும் என் சித்தப்பா வீட்டைச் சுற்றி அரை ஏக்கர் புல்தரை வைத்திருக்கிறார். அதை வெட்ட, ஏறி அமர்ந்து ஓட்டும் பழைய பொறி ஒன்றை வாங்கினார். 'ரைடிங் மோவர்' என்று அங்கே அதற்குப் பெயர். பார்வைக்குக் குட்டி டிராக்டர் போலிருக்கும். அதற்கு 'கிராஸ் கேட்சர்' எனப்படும் பையையும் வாங்கிப் பொருத்தினார். அன்றோடு நிம்மதி போயிற்று. பை பாதி நிறையுமுன்பே குழாய் அடைத்துக்கொண்டது. மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் திருப்பத்துக்குக் கட்டுப்படவில்லை. ஒருநாள் அடைப்பை எடுக்கக் குழாய்க்குள் கையை விட்டார். அலகு சுழன்றுகொண்டிருந்ததைக் கண்டு சித்தி போட்ட கூச்சலில்தான் கை முழுதாக வெளியே வந்தது. இந்த மூன்று தொல்லைகளைப் பற்றியும் அவர் என்னிடம் கேட்டார். விடை தேடப் புகுந்தபோது, பெரும்பகுதி நம் பட்டப்படிப்பு இயற்பியல் பாடநூலிலேயே இருப்பதைக் கண்டு வியந்தேன். அந்தத் தேடலின் பயனே இக்கட்டுரை.

முதலில் சிறிது வரலாறு. இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் ஸ்ட்ரௌட் என்னும் ஊர் கம்பளித் துணிக்குப் பெயர்போனது. நெய்த கம்பளியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரைச் சீராகக் கத்தரிக்க, உருளையில் கத்திகள் பொருத்திய எந்திரம் அங்கே இருந்தது. அதைக் கண்ட எட்வின் பியர்ட் பட்டிங் என்னும் தொழில்வல்லார், கம்பளியைக் கத்தரிப்பது புல்லைக் கத்தரிக்காதா என்று எண்ணினார். 1830-ஆம் ஆண்டு அவர் பெற்ற காப்புரிமையே புல் வெட்டும் பொறியின் பிறப்பு. வெட்டிய புல்லைப் பிடிக்க முன்புறம் ஒரு தட்டு வைக்கும் முறையும் அத்தோடு வந்துவிட்டது. அதாவது, பொறிக்கும் அதன் பைக்கும் ஏறத்தாழ ஒரே வயது. பின்னர்ப் பெரிய பொறிகளைக் குதிரைகள் இழுத்தன. குளம்பு புல்தரையைக் குழிபறித்துவிடாதிருக்கக் குதிரைக்குத் தோல் செருப்பு மாட்டினார்களாம்! அதன்பின் நீராவி, பிறகு பெட்ரோல் எனப் பொறி வளர்ந்தது. 1963-இல் ஜான் டீர் நிறுவனம் 110 என்னும் சிறு டிராக்டரை வெளியிட்டது. அதையொத்த பொறிகள் பின்னர் அமெரிக்க வீடுகளில் இயல்பான காட்சியாயின.

இங்கே ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்ளவேண்டும். பட்டிங்கின் பொறியில் உருளும் கத்திகள் தாமே புல்லை முன்னோக்கி வீசின. வீசும் திசையில் ஒரு பெட்டி இருந்தால் போதும். அது வந்து விழும். விம்பிள்டன் டென்னிஸ் திடலில் புல்லை 8 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கத்தரிக்கும் பொறிகள் இன்றும் உருளை வகையே. ஆனால் சித்தப்பா வைத்திருப்பதைப் போன்ற ரைடிங் மோவரின் அமைப்பு வேறு. கவிழ்த்த தாம்பாளம் போன்ற இரும்பு மூடி ஒன்று வயிற்றின் கீழே தொங்கும். அதை 'டெக்' என்பர். அதனுள்ளே இரண்டு மூன்று அலகுகள் மேசைவிசிறியைப் படுக்கவைத்தாற்போல் தரைக்கு இணையாகச் சுழல்கின்றன. இந்தப் பொறியில் புல்லைப் பைக்குக் கொண்டுசேர்ப்பது கத்தியின் வீச்சு மட்டுமன்று, முதன்மையாகக் காற்று.

அலகைக் கழற்றிப் பார்த்தால் உண்மை விளங்கும். அதன் இரு நுனிகளிலும் முன்விளிம்பு கூராக இருக்கும்; பின்விளிம்போ மேல்நோக்கி மடங்கியிருக்கும். கூர்ப்பகுதி வெட்டுகிறது, மடங்கிய பகுதி விசிறியின் இறகாக வேலை செய்கிறது. அது சுழலும்போது டெக்கினுள் காற்று மேல்நோக்கி எழும். சாய்ந்து கிடக்கும் புல்லும் அவ்விழுப்பில் நிமிர்ந்து நிற்கும், நிமிர்ந்தது வெட்டுப்படும். வெட்டுண்ட துணுக்கு அதே காற்றில் ஏறி, டெக்கின் ஓரமாகச் சுழன்று, பக்கத்திலுள்ள வாய் வழியே வெளியேறும். அந்த வாயில் ஒரு குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையைப் பின்புறப் பையில் விட்டால் புல் பைக்குள் போய்விடும். இவ்வளவுதான் தத்துவம்.

வேகத்தையும் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். 42 அங்குல டெக்கில் சுமார் 53 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு அலகுகள் இருப்பதாகக் கொள்வோம். நிமிடத்துக்கு 3,400 முறை சுழன்றால், நுனியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 94 மீட்டர். மணிக்கு 340 கிலோமீட்டர்! அமெரிக்கத் தரவிதி அனுமதிக்கும் உச்சம் நிமிடத்துக்கு 19,000 அடி, அதாவது நொடிக்கு 96.5 மீட்டர்; ஆகவே பொறிகள் எல்லைக்கு மிக அருகிலேயே ஓடுகின்றன. விளையாட்டுப் பொருளாக இதைக் கருதலாகாது என்பதற்கு இந்த ஓர் எண் போதும்.

இனிச் சித்தப்பாவின் முதல் தொல்லைக்கு வருவோம். புல் அடர்ந்திருந்தால் மெல்லப் போகவேண்டும் என்று அவர் கருதினார்; அது சரி. மெல்லப் போவதற்காக இயந்திரத்தின் வேகத்தையே பாதியாகக் குறைத்தார், அங்கேதான் கோளாறு. விசிறிகளுக்குரிய விதி நாமறிந்ததே: சுழற்சி பாதியானால் காற்றின் அளவும் பாதியாகும், ஆனால் அழுத்தம் நான்கில் ஒன்றாகிவிடும். கால்பங்கு அழுத்தத்தில் ஈரப்புல் எப்படிக் குழாயில் மேலேறும்? இயந்திரத்தை முழு வேகத்தில் ஓடவிட்டு, சக்கரத்தின் வேகத்தை மட்டும் கியரால் குறைப்பதே முறை. காற்று முழுமையாக வீசவேண்டும், உள்ளே நுழையும் புல் மட்டும் குறையவேண்டும். இதைச் சொன்ன அடுத்த வாரமே பாதி அடைப்பு நின்றுவிட்டதாகத் தகவல் வந்தது.

மீதிப் பாதிக்குக் காரணம் பை. பை என்றதும் நாம் ஓட்டையில்லாத சாக்கை எண்ணுகிறோம். புல் பிடிக்கும் பை ஓட்டை நிறைந்ததாகவே இருக்கவேண்டும். காற்று புல்லைச் சுமந்துகொண்டு உள்ளே வருகிறது. புல்லை இறக்கிவிட்டு வெளியே போக அதற்கு வழி வேண்டாமா? வழியில்லையேல் பைக்குள் அழுத்தம் ஏறும். புதிய காற்று உள்ளே வராது. வராத காற்று புல்லைக் குழாயிலேயே விட்டுவிடும். பையின் வலைத்துணியோ, மேல்மூடியின் சல்லடையோ காற்றுக்கு வாசல். கோடையில் புழுதி படிந்து அந்தக் கண்கள் அடைபட்டால், காலிப் பைகூட நிறைந்த பையைப் போல நடந்துகொள்ளும். ஆகவே அவ்வப்போது பையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, நன்றாக உலர்த்தவேண்டும். களத்தில் நெல் தூற்றுவோர் காற்றடிக்கும் திசை பார்த்து நிற்பதில்லையா? காற்றின் போக்கு தெரியாமல் முறத்தை அசைப்பவன் பதரையும் மணியையும் ஒன்றாகவே கொட்டுவான். இங்கும் அதே அறிவுதான் வேண்டும்.

பொருத்தும் முறை

பைகளில் மூன்று வகை உண்டு. ஐரோப்பாவில் பெருவழக்காயிருப்பது, பின்சக்கரங்களுக்கு நடுவே அகன்ற சுரங்கம் வைத்துப் பின்னால் ஒரே பெரிய பெட்டியில் கொட்டும் வகை. இருக்கையில் இருந்தபடியே பிடியை இழுத்துக் கவிழ்க்கலாம். அமெரிக்காவில் பெரும்பாலும் டெக்கின் வலப்பக்க வாயிலிருந்து ஒரு குழாய் பின்சக்கரத்தை ஒட்டி மேலேறி, இரண்டு அல்லது மூன்று பைகளுக்குச் செல்லும். பெரிய பொறிகளில் குழாயின் அடியில் தனி ஊதுவிசிறி வைத்து, அதைப் பெல்ட்டால் சுழற்றுவதும் உண்டு. சித்தப்பாவுடையது இரண்டாம் வகை. அதைப் பற்றியே விளக்குகிறேன்.

வேலை தொடங்குமுன் பொறியைச் சமதளத்தில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, தீப்பொறிச் செருகியின் கம்பியையும் கழற்றிவைக்கவேண்டும். அலகைக் கையால் திருப்பும்போது இயந்திரம் தற்செயலாக உயிர்பெற்றுவிடக்கூடாது. பிறகு பைகளைத் தாங்கும் சட்டத்தைப் பொறியின் பின்தகட்டில் போல்ட்டுகளால் முடுக்கவேண்டும். அதிர்ச்சி மிகுந்த இடமாதலால் முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பின் நட்டுகளை மறுபடி ஸ்பானர் வைத்துப் பார்ப்பது நல்லது. சட்டத்தின் மேல் மூடி, அதன் கீழே பைகள், இவை எளியவை.

கவனம் வேண்டுவது குழாயில். டெக்கின் வாய்க்கு மேல் ஒரு மடல் தொங்கிக்கொண்டிருக்கும். பை இல்லாமல் ஓட்டும்போது கல்லும் கம்பியும் பக்கவாட்டில் பறந்து யார் மேலும் படாமல் அவற்றைத் தரைநோக்கித் திருப்பும் காவல் அது. குழாயைப் பொருத்த அந்த மடலைத் தூக்கிப் பிடித்து, குழாயின் அடிவாயை டெக்கின் வாயோடு பொருந்த வைத்துக் கொண்டியை மாட்டவேண்டும். விரல் நுழையும் இடைவெளி இருந்தால்கூடக் காற்று அங்கே ஒழுகிவிடும். மேல்முனையை மூடியில் செருகியபின், டெக்கை முழுவதும் உயர்த்தியும் தாழ்த்தியும் பார்க்கவேண்டும். குழாய் இழுபடாமலும் கழன்றுவிடாமலும் கூடவே ஏறி இறங்கவேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாதவர்கள், மேட்டுநிலத்தில் டெக்கைத் தூக்கிய கணத்தில் குழாய் கழன்று புல்மழையில் நனைவார்கள்.

அலகும் அதற்கேற்றதாக இருத்தல் வேண்டும். துணுக்குகளைப் பொடியாக்கித் தரையிலேயே விடுவதற்கென்று தனி அலகு உண்டு. அதில் காற்றை எழுப்பும் மடிப்பு வேறுவிதம். அத்தோடு டெக்கின் வாயை அடைக்கும் மூடியும் இருக்கும். அந்த மூடியை எடுக்காமல் பையை மாட்டினால் நாளெல்லாம் வெட்டினாலும் பை காலியாகவே இருக்கும். டெக்கின் முன்புறம் பின்புறத்தைவிட ஒரு நூலளவு, அதாவது சில மில்லிமீட்டர், தாழ்ந்திருப்பது வெட்டுக்கும் காற்றோட்டத்துக்கும் நல்லது.

எடைக்கு எதிர் எடை

முன்சக்கரம் கட்டுப்படாததற்கு விடை திருப்புத்திறன் பாடத்தில் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, நிறைந்த பைகளும் சட்டமும் 40 கிலோ. அவை பின்னச்சுக்குப் பின்னால் 60 சென்டிமீட்டரில் தொங்குகின்றன. இரு அச்சுகளுக்கும் இடைவெளி 120 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். பின்னச்சைத் தாங்குபுள்ளியாக வைத்தால், 40-ஐ 60-ஆல் பெருக்கி 120-ஆல் வகுக்க 20 வரும். முன்சக்கரங்கள் மேல் அழுத்தும் எடையில் 20 கிலோ குறைந்துபோகிறது. மேட்டில் ஏறும்போது ஈர்ப்பு மையமும் பின்னுக்குச் சாய்வதால் மேலும் குறையும். எடை குறைந்த சக்கரம் தரையைப் பற்றாது. பற்றாத சக்கரம் திரும்பாது. மிஞ்சினால் பொறி முன்னங்கால் தூக்கிய குதிரைபோல் எழுந்து ஓட்டுபவர் மேலேயே கவிழக்கூடும்.

இதற்காகவே தயாரிப்பாளர்கள் முன்புறத்தில் மாட்ட இரும்பு எடைகள் தருகின்றனர். முன்னச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் 16 கிலோவை மாட்டினால், 16-ஐ 150-ஆல் பெருக்கி 120-ஆல் வகுக்க அதே 20 கிலோ திரும்பக் கிடைத்துவிடுகிறது. சித்தப்பாவுக்கு வந்த பெட்டியிலும் அந்த எடை இருந்தது. அது எதற்கென்று தெரியாமல் கார்க்கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்! எடை மாட்டிய பிறகும் சரிவில் பை முக்கால் நிறைந்ததும் கொட்டிவிடுவதே அறிவுடைமை. பையைக் கழற்றிய பிறகு எடையையும் கழற்றிவிடலாம்.

கை நுழையக் கூடாத இடம்

மூன்றாவது தொல்லையைத் தொல்லை என்பதே தவறு, அது ஆபத்து. இவ்வகைப் பொறிகளில் இருக்கையின் அடியில் ஒரு சுவிட்சு உண்டு. அலகு ஓடும்போது ஓட்டுபவர் எழுந்தால் இயந்திரம் தானே நின்றுவிடும். பின்புறப் பெட்டி வகையில், பெட்டியைத் தூக்கினாலும் நிற்கும்படி மற்றொரு சுவிட்சும் வைக்கின்றனர். சித்தப்பாவின் பொறியை முன்பு வைத்திருந்த யாரோ, அடிக்கடி இறங்கி ஏறத் தொல்லையாயிருக்கிறதென்று இருக்கைச் சுவிட்சின் கம்பிகளை ஒன்றாக முறுக்கிவிட்டிருந்தார். காவல்காரனுக்குத் தூக்கமருந்து கொடுத்த கதைதான்! வாங்கிய புதிதிலேயே இதைச் சோதித்துப் பார்க்கவேண்டும்.

அடைப்பு எடுக்கும் வரிசை இது: அலகின் பிடியை விடுவித்து, இயந்திரத்தை நிறுத்தி, சாவியை எடுத்து, அலகு அசைவற்று நிற்கும்வரை காத்திருந்து, அதன்பின் ஒரு குச்சியால் குத்தி எடுக்கவேண்டும். நிறுத்திய பின்பும் சடத்துவத்தால் அலகு சற்று நேரம் சுழலும். குழாயின் இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. கையால் தள்ளும் பொறிகளுக்கு, பிடியை விட்ட 3 நொடிக்குள் அலகு நிற்கவேண்டுமென அமெரிக்காவில் 1982-லேயே விதி நடைமுறைக்கு வந்தது என்றால் எத்தனை விரல்கள் போயிருக்கவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பை மாட்டிய பொறியைப் பின்னோக்கி ஓட்டும்போது பின்னால் இருப்பது எதுவும் சரியாகத் தெரியாது என்பது இன்னொரு ஆபத்து. புல் வெட்டும்போது 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் வீட்டுக்குள் இருக்கவேண்டும், 16 வயது நிரம்பாதவர் ரைடிங் மோவரை ஓட்டலாகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அறிவுறுத்துகிறது. அங்கே தாத்தாக்கள் பேரக்குழந்தையை மடியில் வைத்து ஓட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறதாம். வேதனையான செய்தி.

பை எப்போது வேண்டும்?

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்று கூறினால் வியப்பீர்கள். பெரும்பாலான நாட்களில் அந்தப் பையே வேண்டியதில்லை. விளம்பரப் படங்களில் பை மாட்டிய பொறிகளையும் காணலாம். ஆனால் தாவரவியல் வேறு கதை சொல்கிறது. புல்துணுக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர். உலர்ந்த மீதியில் ஏறத்தாழ 4 விழுக்காடு தழைச்சத்து, 2 விழுக்காடு சாம்பல்சத்து, கொஞ்சம் மணிச்சத்து. துணுக்குகளைத் தரையிலேயே விட்டால், புல்தரைக்கு ஆண்டு முழுதும் வேண்டிய தழைச்சத்தில் கால்பங்கு வரை அவற்றிலிருந்தே கிடைத்துவிடும். ஒருபக்கம் பையில் சத்தை வாரிக் கொட்டிவிட்டு, மறுபக்கம் கடையில் உரமூட்டை வாங்குவது என்ன கணக்கு? துணுக்குகள் தரையில் மெத்தைபோல் படிந்து புல்லை மூச்சுத்திணறச் செய்யும் என்பர் சிலர். அந்த மெத்தை எளிதில் மட்காத தண்டாலும் வேராலும் ஆவது. மெல்லிய இலைத்துணுக்கு சில வாரங்களில் மட்கிவிடும். புல்லின் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஒரே முறையில் வெட்டாதிருந்தால் போதும்.

கொட்டிய புல்லுக்கு இடம் தேடியும் அந்நாடு அலைந்தது. 1990-இல் இலை, கிளை, புல் எல்லாம் சேர்ந்து அமெரிக்க வீட்டுத் தோட்டக்கழிவு ஏறத்தாழ மூன்றரைக் கோடி டன். அதே ஆண்டு இல்லினாய் மாநிலம் அதைக் குப்பைக்கிடங்குகளில் கொட்டுவதைத் தடைசெய்தது; வேறு பல மாநிலங்களும் இத்தகைய தடையைக் கொண்டுவந்தன.

அப்படியானால் பை எதற்கு? களைகள் விதை கட்டியிருக்கும்போது அவை பரவாமல் எடுக்க. மழையால் இரண்டு வாரம் வெட்டாமல் முழங்காலளவு வளர்ந்துவிட்டபோது. புல்லில் நோய் கண்டபோது. எல்லாவற்றுக்கும் மேலாக அக்டோபர், நவம்பரில் மேப்பிளும் ஓக்கும் இலையுதிர்க்கும் காலத்தில். உதிர்ந்த இலைகளைப் பொறி நறுக்கிப் பையில் சேர்ப்பதைப் போல எந்தத் துடைப்பமும் செய்யாது. என் கருத்தில் பையின் உண்மையான பருவம் அந்த ஆறேழு வாரங்களே.

சேர்த்ததை ஆட்டுக்கோ மாட்டுக்கோ போடலாமே என்று நமக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நறுக்கிக் குவித்த புல் விரைவில் புளித்துச் சூடேறிவிடும். அதைத் தின்ற குதிரைகளுக்குக் கடும் வயிற்றுவலி வருமென்று இங்கிலாந்தில் எச்சரிக்கின்றனர். களைக்கொல்லி தெளித்த தரையாயின் சொல்லவே வேண்டாம். 2000-ஆம் ஆண்டையொட்டி வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேன் நகரில், குளோபிரலிட் என்னும் களைக்கொல்லி மட்குரத்திலும் அழியாமல் தங்கி, அவ்வுரமிட்ட செடிகளை உருக்குலைத்தது. மருந்து தெளிக்காத புல்லை எருக்குழியில் இடலாம். தனியே இட்டால் காற்றுப் புகாமல் அழுகி நாறும். ஒரு பங்கு புல்லுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை கலந்தால் நல்ல எரு கிடைக்கும்.

வேலை முடிந்ததும் பையைக் காலி செய்யாமல் கொட்டகையில் விடக்கூடாது. உள்ளே சூடேறும் புல்லும், புகைக்குழாயருகே படிந்த சருகும் தீப்பிடிக்க வல்லவை. பொறி ஆறியபின் சருகைத் துடைத்தெடுத்து, பையைக் கழுவிக் காயவைத்து, குழாயைக் கழற்றி, தூக்கி வைத்த மடலை மறவாமல் கீழே இறக்கி, அதன் சுருள்வில் அதைத் தரைநோக்கி அழுத்துகிறதா என்று ஒருமுறை கையால் அசைத்துப் பார்த்துவிடவேண்டும்.